பணி அழுத்தம் தனிமனிதக் குறைபாடன்று



வேலையில் மனம் உடைந்துபோகும் தொழிலாளிக்கு நிர்வாகங்கள் தியானத்தை உபதேசிக்கின்றன. ஆய்வுகள் காட்டும் காரணமோ வேறு. வேலைச்சுமை மிகுந்து, அதைத் தீர்மானிக்கும் உரிமை சுருங்கும்போதே மன அழுத்தம் முற்றுகிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் எடுத்துக்காட்டினார். இந்திய ஆய்வாளர்களான ஸ்ரீவஸ்தவாவும் சிங்கும் 1981இல் உருவாக்கிய பணி அழுத்தக் குறியீட்டின் 46 கூற்றுகளும் பணிச்சுமை, அதிகாரமின்மை, மதிப்பின்மை போன்ற பணி நிலைமைகளைப் பற்றியவையே.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016இல் உலகெங்கும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இதற்குப் பிறகும், 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை ஆலைகளின் தினசரி வேலைநேர வரம்பை 9இலிருந்து 10 மணியாகவும், காலாண்டு மிகைநேர வரம்பை 75இலிருந்து 144 மணியாகவும் உயர்த்த முடிவெடுத்தது. சித்தூரின் மாங்கூழ் ஆலைகளிலும் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியிலும் உழைப்போர் மீதே இச்சுமை இறங்கும்.

தியானம் தவறன்று, ஆனால் அது வேலைநேரத்தைக் குறைக்காது. வேலைநேரம், ஓய்வு, ஆள்பற்றாக்குறை, மேலாளரின் அவமதிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு ஆலைவாயிலிலும் கேட்டறிந்து, மனநலத்தைத் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பதே கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை.