பனிக்கட்டியாகாத நீர்



கற்கண்டு செய்யும் முறையை அறிவீர்கள். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாமல் வைத்தால், நூலைச் சுற்றிப் படிகங்கள் வளரும். அதே சர்க்கரையை முறுகக் காய்ச்சித் தட்டில் ஊற்றி விரைவாக ஆறவிட்டால், கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். பொருள் ஒன்றே. முன்னதில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன; பின்னதில் அணிவகுக்க நேரமின்றி, இருந்தபடியே நின்றுவிடுகின்றன. இந்த வேற்றுமையை மறவாதீர்கள்.

புரதத்தின் உருவை அறிய, அதனைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சுகிறார்கள். சிதறிய கதிர்கள் புள்ளிகளாகப் பதிகின்றன. அவற்றைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால், புரதப் படிகம் உப்புக்கல்லைப் போன்றதன்று. அதில் ஏறத்தாழப் பாதி நீர். 1934-இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டாரத்தி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை, அது வளர்ந்த திரவத்தோடு கண்ணாடிக் குழாயில் வைத்தே படமெடுத்தனர். உலர்ந்த படிகம் அத்தகைய புள்ளிகளைத் தரவில்லை.

நீரின்றி முடியாது, அந்நீரே பகையும் ஆயிற்று. எக்ஸ் கதிர் பட்டவுடன் நீரிலிருந்து, கடுமையாக வினைபுரியும் துணுக்குகள் பிறக்கின்றன. அவை நீர் வழியே பரவி அண்டை மூலக்கூறுகளையும் சிதைக்கின்றன. பல மாதங்கள் முயன்று வளர்த்த படிகம், படம் முடியுமுன்பே கெட்டுவிடும்.

குளிர்வித்தால் துணுக்குகள் நகரமாட்டா. ஆனால், நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் நீர்க்குழாய்கள் வெடிப்பது இதனால்தான். (இதனை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வகுப்பில் விளக்க நான் பட்ட பாடு சிறிதன்று!) அந்த விரிவு படிகத்தின் ஒழுங்கைக் குலைத்துவிடும்.

ஆகவே, நீரைக் கற்கண்டாக்காமல் மிட்டாயாக்க வேண்டும். 1970-இல் ஹாஸ், ராஸ்மன் என்னும் இருவர், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் படிகத்தைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, சுழியத்துக்குக் கீழ் 75 பாகை செல்சியசில் ஆராய்ந்தனர். அவர்களுக்கும் சர்க்கரையே கைகொடுத்தது வேடிக்கைதான். பின்னர் கிளிசரால் முதலியவையும் வழக்கத்துக்கு வந்தன. இவை நீர் மூலக்கூறுகளை அணிவகுக்கவிடாமல் தடுக்கின்றன.

ரைபோசோம் என்பது உயிரணுவில் புரதங்களைக் கட்டும் பெருந்துகள். அதன் படிகங்கள் சாதாரண வெப்பநிலையில் கதிர் பட்ட சில நிமிடங்களிலேயே அழிந்தன. அடா யோனத், ஹாக்கன் ஹோப் முதலியோர் அவற்றைக் கடுங்குளிரில் ஆராய்ந்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். குளிரில் படிகம் தாக்குப்பிடித்தது. ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் யோனத், ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

செயல்முறை பார்ப்பதற்கு எளிது. மயிரிழை போன்ற சிறு வளையத்தில் படிகத்தை ஏந்தி, சுழியத்துக்குக் கீழ் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். கதிர் பாயும்போது ஏறத்தாழ 173 பாகைக் குளிருள்ள நைட்ரஜன் வாயு அதன்மீது வீசிக்கொண்டே இருக்கும். கை சற்றுத் தயங்கினாலும், கரைசலின் அளவு தவறினாலும் பனிக்கட்டி தோன்றிவிடும். அப்பொழுது படத்தில் புள்ளிகளினூடே வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். அவற்றைக் கண்ட ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, அடுத்த படிகத்தைத் தேடிச் செல்கிறார்.