பாதி ஊருக்கு, பாதி தலைமையகத்துக்கு



பட்டம் பெறும் உங்களில் சிலர் தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேரலாம். இன்னும் பலர், வேறு வேலையில் இருந்துகொண்டே, ஏதேனும் ஒரு சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குப் பொருளாளராகவோ செயலாளராகவோ ஆவீர்கள். அங்கே முதல் சண்டை கொள்கையைப் பற்றி வராது. பணத்தைப் பற்றித்தான் வரும். ‘வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கியவர்கள் நாங்கள், பணம் மட்டும் தலைமையகத்துக்கா?’ என்று கிளை கேட்கும். ‘எங்கள் பெயரைச் சொன்னதால்தானே உங்களுக்குக் கொடுத்தார்கள்?’ என்று தலைமையகம் கேட்கும். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பெருந்தன்மையை மட்டும் நம்பி இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. பணம் வருவதற்கு முன்பே எழுதிவைத்த பங்கீட்டு விதிதான் தீர்க்கும். இதுவே என் வாதம். அமெரிக்காவில் போலியோவை எதிர்த்து எழுந்த ஓர் இயக்கத்தின் கணக்குவழக்கை இதற்குச் சான்றாக வைக்கிறேன். கணக்குவழக்கைப் பற்றிப் பட்டமளிப்பு மேடையில் பேசலாமா என்று சிலர் நெளியக்கூடும்; லட்சியங்களைப் பற்றிப் பேச மற்ற மேடைகள் நிறைய இருக்கின்றன.

1921ல் போலியோ தாக்கிக் கால்கள் செயலிழந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க அதிபரானார். 1934 ஜனவரி 30 அன்று, அவருடைய பிறந்தநாளில், நாடெங்கும் ஊர்தோறும் நடன விருந்துகள் நடத்திப் பணம் திரட்டினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ரூஸ்வெல்ட் உருவாக்கியிருந்த சிகிச்சை மையத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே ஏற்பாடு மாறியது: வசூலில் 70 சதவீதம் அந்தந்த ஊரிலேயே தங்கும், 30 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகும். தன் ஊர்ப் பிள்ளைக்குக் காலில் மாட்டும் இரும்புக் கம்பி வாங்கக் காசில்லாதபோது, எங்கோ இருக்கும் மையத்துக்கு ஆண்டுதோறும் அள்ளிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? 1938ல் தேசிய போலியோ அறக்கட்டளை தொடங்கியது. ரூஸ்வெல்ட்டின் பழைய வழக்கறிஞர் கூட்டாளி பேசில் ஓ’கானர் அதன் தலைவர். ஆளுக்குப் பத்து சென்ட் (டைம்) நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்ற வேண்டுகோளுக்கு ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்று பெயர் சூட்டியவர் நகைச்சுவை நடிகர் எட்டி கேண்டர். 26,80,000 நாணயங்கள் வந்து குவிந்தன. ஆனால் அந்த நாணயக் குவியலைவிட, அதையடுத்து நிலைபெற்ற விதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: மாவட்டக் கிளையில் வசூலாவதில் பாதி அங்கேயே இருக்கும், பாதி தலைமையகத்துக்கு வரும்.

கிளையின் பாதி, உள்ளூர் நோயாளிகளின் மருத்துவமனைச் செலவுக்கும் ஊன்றுகோலுக்கும் மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரலுக்கும் போனது. தலைமையகத்தின் பாதி ஆராய்ச்சிக்கும், செவிலியர் பயிற்சிக்கும், கொள்ளைநோய்க் கால அவசர உதவிக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில் வசூலை நடத்தும் பொறுப்பாளரைத் தலைமையகம் நியமித்தது. கிளை வேறு, வசூல் குழு வேறு. வசூலிப்பவர் கையில் செலவழிக்கும் அதிகாரம் இல்லை. இந்த அமைப்பின் தொண்டர்களை ஆராய்ந்து டேவிட் சில்ஸ் என்ற சமூகவியலாளர் 1957ல் ஒரு நூலே எழுதினார். நிர்வாகவியல் படித்தவர்கள் தேடிப் படிக்கலாம்.

முதல் ஆட்சேபமாக, எல்லாவற்றையும் மேலிருந்தே நடத்தினால் வேலை சுலபமாகாதா என்பார்கள். ஆகாது. 1950 ஜனவரியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துத் தாய்மார்கள், நன்கொடை தர விரும்புவோர் வாசல் விளக்கை எரியவிடுங்கள் என்று அறிவித்துவிட்டு, குறித்த ஒரு மணி நேரத்துக்குள் வீடுகளுக்குப் போய் ஏறத்தாழ 45,000 டாலர் திரட்டினார்கள். அந்த யோசனை ஊரில் பிறந்தது. தலைமையகம் செய்தது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு முதல் அதை நாடெங்கும் கொண்டுபோனது. தங்கள் ஊரின் பங்கு ஊரிலேயே நிற்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் இப்படி மூளையைச் செலவழிக்க ஆள் வரமாட்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பாதியை ஊரிலேயே விட்டால் பணக்கார ஊருக்கு நிறையவும் ஏழை ஊருக்குக் கொஞ்சமும்தானே கிடைக்கும்? போலியோ ஊரின் வசதியைப் பார்த்து வரவில்லை. 1952ல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரைத் தாக்கியது. எத்தனையோ கிளைகளின் கஜானா சில வாரங்களில் காலியாகியிருக்கும். தலைமையகத்தின் பாதிக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது. பணம் தீர்ந்த கிளைக்கு அது அவசர நிதி அனுப்பியது. தன் ஊரில் நோய் தலைகாட்டாத ஆண்டில் முழுப் பாதியையும் அனுப்பிய கிளைக்கு, நாளை தனக்கும் அதே கை நீளும் என்று தெரியும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு விதியிடம் முழுப் பதில் கிடையாது. பணம் ஊரில் தங்கும்போது ஊரின் பாகுபாடும் பணத்தோடு தங்கும். இன, மத வேறுபாடின்றி உதவி என்று அறக்கட்டளை அறிவித்திருந்தது. ஆனால் தென்மாநிலங்களின் மருத்துவமனைகள் நிறம் பார்த்துத்தான் கதவு திறந்தன. வார்ம் ஸ்பிரிங்ஸே நெடுங்காலம் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1941ல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு சிகிச்சை மையம் திறக்கப்பட்டதென்றால், அது அறக்கட்டளையின் தேசிய நிதியால். தனி மையம் என்பதே ஒரு சமரசம்தான். அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்தச் சமரசம்கூட வெள்ளையர் நடத்திய உள்ளூர்க் குழுக்களிடமிருந்து வந்திருக்காது. தலைமையகத்தில் பணம் இருந்தால் மட்டும் போதாது, ஊரைக் கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

நான்காவது ஆட்சேபம் வெளியிலிருந்து வந்தது: ஊரிலுள்ள எல்லாத் தொண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே வசூல் நடத்தினால் என்ன என்ற குரல் 1949ல் டெட்ராய்ட் நகரில் வலுத்தது. அங்கே பொது நிதியும் உருவானது. கொடுப்பவருக்குத் தொல்லை குறையும், செலவும் குறையும் என்றார்கள். ஓ’கானர் சேர மறுத்தார். பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தார். அவர் செய்தது சரி என்பேன். பொதுப் பையில் விழும் காசு எந்த வேலைக்குப் போனது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. தெரியாதபோது கேள்வி கேட்கவும் மாட்டார். போலியோ அறக்கட்டளையிடம் கேட்க முடிந்தது, அதற்குப் பதிலும் இருந்தது. 1954ல் ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்றார்கள். அரசுப் பணத்தில் அல்ல, அறக்கட்டளைப் பணத்தில். பள்ளிதோறும் வரிசையை ஒழுங்குசெய்ததும் பதிவேடு எழுதியதும் அதே கிளைகளின் தொண்டர்கள். 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி பயனுள்ளது என்ற அறிவிப்பு வந்தது.

பட்டம் பெறுபவர்களே, நீங்கள் சேரப்போகும் அமைப்பு பெரியதோ சிறியதோ, முதல் மாதத்திலேயே மூன்றைக் கேளுங்கள்: பங்கீட்டு விதி எழுத்தில் இருக்கிறதா, பணம் தீர்ந்த கிளைக்கு யார் கொடுப்பார்கள், கிளை ஒருவரை ஒதுக்கினால் அதைத் தட்டிக்கேட்பது யார் பொறுப்பு? பதில் இல்லையென்றால், அடுத்த வசூலுக்கு ரசீதுப் புத்தகம் அச்சாவதற்கு முன்பே அந்தப் பதில்களை எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.