சோறும் துணியும் அல்ல, பங்கு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊனமுற்றவர்களுக்கு அரசு என்ன தருகிறது, யாருக்குத் தருகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 'இது நம்ம வேலையா? அதுக்குத்தான் வேற சங்கம் இருக்கே' என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். மொத்த மக்களில் இது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 2.45 விழுக்காடு.

இந்த வித்தியாசத்தைக் கடவுளோ தலையெழுத்தோ போடவில்லை. கல் உடைக்கிறவன் யார், செங்கல் சூளையில் வேகிறவள் யார், தோல் தொட்டியில் நிற்கிறவன் யார், சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுகிறவன் யார்? சாதி வேலையைப் பிரித்துக் கொடுத்தது. காயமும் அந்த வழியிலேதான் வருகிறது. ஆகவே இது நம்ம பிரச்சினை.

இந்தப் பேச்சு முழுக்க இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். ஒன்று பங்கு, இன்னொன்று பராமரிப்பு.

மநுதர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொத்தில் பங்கு கிடையாது என்று ஒரு பட்டியல் வருகிறது. சாதியிலிருந்து தள்ளப்பட்டவர், பிறவியிலேயே கண் தெரியாதவர், காது கேளாதவர், பேச முடியாதவர், சித்தம் கலங்கியவர் எல்லோரையும் ஒரே சுலோகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறான். கவனியுங்கள் தோழர்களே, தள்ளப்பட்டவரும் ஊனமுற்றவரும் ஒரே வரிசை. அடுத்த சுலோகம் என்ன சொல்கிறது? இவர்களுக்குச் சக்திக்கு ஏற்றபடி சோறும் துணியும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அதாவது பங்கு கேட்காதே, பராமரிப்பை வாங்கிக்கொள்.

இது ஏட்டோடு போன விஷயம் இல்லை. இந்து சட்டத்தில் இந்த விலக்கு 1928 வரைக்கும் இருந்தது. அந்த வருஷம் போட்ட சட்டமும் பிறவியிலேயே மனநிலை பாதிக்கப்பட்டவர்களை வெளியேதான் வைத்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துதான், நோயோ ஊனமோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று எழுதினார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து மநுவை வெளியேற்றியாச்சு. ஆபீஸ் மேசையிலிருந்து அவன் போயிட்டானா என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு ஊனமுற்றவர்களுக்கு அரசு தருவதாகச் சொல்லும் எல்லாவற்றையும் இந்த இரண்டு கூடைகளில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கூடை பங்கு. 1995இல் நிறைவேறிய சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்று, அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு, விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும் திட்டங்களில் 5 விழுக்காடு. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. நிலம் என்று சட்டத்தில் இருப்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. பஞ்சமி நிலத்துக்காகப் போராடுகிற இயக்கம் இந்த வரியையும் கையில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது கூடை பராமரிப்பு. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 2009இல் தொடங்கியது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 விழுக்காடு இருக்க வேண்டும். 2012இல் தொகையை மாதம் 300 ரூபாய் ஆக்கினார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே 300தான். தமிழ்நாட்டில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவது 2023இல் 2,000 ரூபாயாக இருந்தது. அதற்குத் தகுதி வேறு: அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 விழுக்காடு, கடும் ஊனம் என்ற வகையில் வருவதற்கு 75 விழுக்காடு. இரண்டு ஜன்னலிலும் ஒருவரே வாங்க முடியாது. இந்த இரண்டாவது தொகைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? பராமரிப்பு உதவித்தொகை.

2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது. மற்றவர்களுக்குத் தரும் சமூகப் பாதுகாப்புத் தொகையைவிட ஊனமுற்றவர்களுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும். 2023இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. ஊனமுற்றவருக்கு 1,500. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25. 'குறைந்தது' என்று சட்டம் போட்ட கோட்டின் மேலேயே போய் நின்றாச்சு, அதற்கு ஒரு ரூபாய் மேலே கிடையாது.

சரி, யாருக்குத் தகுதி? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஊனமுற்றவர் யார் என்பதற்கு அதே சட்டம் நல்ல விளக்கம் சொல்கிறது. உடலிலோ மனதிலோ நெடுநாள் குறைபாடு இருந்து, சமூகத்தில் இருக்கும் தடைகளோடு அது மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர். இதில் விழுக்காடே இல்லை. ஊனத்தில் பாதி உடம்பில் இருக்கிறது, பாதி படிக்கட்டில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒதுக்கீடு என்று வந்ததும் 40 விழுக்காடு என்று ஒரு வாசலை வைக்கிறது. அளப்பது மருத்துவர். அவர் உடம்பை மட்டும் அளக்கிறார். படிக்கட்டை அளக்க யாரும் இல்லை.

ஒரு உதாரணம். கல்குவாரியில் சில்லு தெறித்து ஒரு கண் போய்விடுகிறது. இன்னொரு கண் நன்றாகத் தெரிகிறது. மருத்துவ வழிகாட்டி நெறிகளின்படி அவருக்கு 30 விழுக்காடு. 40 இல்லை, ஆகவே வாசலுக்கு வெளியே. ஆனால் 1923இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், பின்னால் செய்த திருத்தத்தின்படி, ஒரு கண்ணை இழந்தவருக்கு 40 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் போனதாகக் கணக்கு இருந்தது. அதே கண். ஒரு சட்டம் பிழைப்பை அளந்தது, இன்னொன்று பார்வையை மட்டும் அளக்கிறது. அவரைப் பழைய வேலைக்கு எந்த மேஸ்திரி கூப்பிடுவான்?

இன்னும் மோசம், பட்டியலிலேயே இல்லாதவர்கள். அதே குவாரியில் இருபது வருஷம் கல்தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்தவர் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். 21 வகைகளில் நுரையீரல் இல்லை. எந்த உடம்பைப் பார்த்து இந்தப் பட்டியலை எழுதினார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

அடையாள அட்டைக்கு இப்போது நிறமும் உண்டு. 2024இல் திருத்திய விதிகளின்படி 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். வர்ணம் என்றால் நிறம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் 40 என்பது எல்லாவற்றுக்கும் வாசல் அல்ல. இதை மாணவர்கள் நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்டார். 40 இல்லை, முடியாது என்றார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீட்டுக்குத்தான் 40, தேவையான வசதி செய்து தருவதற்கு அந்த வாசல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. வெள்ளை அட்டைக்காரருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. 'உனக்கு ஒண்ணும் கிடையாது, போ' என்று சொல்ல எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்து, நம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. 'எஸ்சியில வர்றியா, ஊனத்துல வர்றியா, ஒண்ணைச் சொல்லு.' அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 1992 மண்டல் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. சாதி ஒதுக்கீடு மேலிருந்து கீழே போகிற கோடு, ஊன ஒதுக்கீடு அதைக் குறுக்கே வெட்டுகிற கோடு. ஊன ஒதுக்கீட்டில் தேர்வாகும் தலித், பட்டியல் சாதிக் கணக்கில் வைக்கப்படுவார். ஒன்றிய அரசு வேலைகளில் வயதுத் தளர்வும் சேர்ந்தே வரும்: ஐந்தும் பத்தும், பதினைந்து வருஷம். இரண்டு சான்றிதழையும் சேர்த்து நீட்டுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. ஊனமுற்றவர்களும் சமூகத்தில் பின்தங்கியவர்களே, பட்டியல் சாதியினருக்குத் தரும் மதிப்பெண் தளர்வு அவர்களுக்கும் பொருந்தும் என்றது. மநு ஒரே வரிசையில் நிறுத்தினான். அந்த வரிசையில் நின்றபடியே நாம் கைகோர்க்கலாம்.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். பணம் ஒதுக்கியபிறகும் கைக்கு வருவதில் ஒரு வாசல் இருக்கிறது. ரேகை வை என்கிறது எந்திரம். தொழுநோயில் விரல் மழுங்கியவர், சூளையில் ரேகை தேய்ந்தவர் எதை வைப்பார்? 'ரேகை விழல, நாளைக்கு வா' என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கில், வங்கிகள் ஆளை அடையாளம் சரிபார்க்கும் மின்னணு முறைகளை ஊனமுற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்ற உத்தரவிட்டது. கண் சிமிட்டினால்தான் உயிரோடு இருப்பதாக ஏற்பேன் என்று எந்திரம் அடம்பிடிக்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம். இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொண்டு கவுண்ட்டரில் பேசுங்கள்.

பெயர் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்தார்கள். கடவுளின் பிள்ளை, ஆனால் கோயிலுக்கு வெளியே. 2015 டிசம்பரில் பிரதமர் ஊனமுற்றவர்களுக்கு 'திவ்யாங்' என்று பெயர் வைத்தார். தெய்வ உறுப்புக்காரர், ஆனால் மாதம் 300 ரூபாய். தெய்வத்தின் பெயரால் அழைக்கத் தொடங்கினால் பங்கு தரப்போவதில்லை என்று அர்த்தம்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு சேரியிலும் அட்டை இல்லாதவர் யார் என்று வீடு வீடாக எழுதுங்கள். முகாமுக்கு அழைத்துப் போக ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். அன்றைய கூலி போகும் என்றுதான் பாதிப்பேர் போகாமல் இருக்கிறார்கள். சான்றிதழ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், விதி அப்படித்தான் சொல்கிறது. விழுக்காடு குறைவாகப் போட்டால் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு உண்டு. இங்கே விண்ணப்பத்துக்கும் பெயர் மனு, அதை வாங்குகிற நாளுக்கும் பெயர் மனுநீதி நாள். போகட்டும், மனுவை எழுதுங்கள். ஆனால் 'கருணை கூர்ந்து' என்று தொடங்காமல், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்படி என்று தொடங்குங்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் ஊனமுற்றவர்களை உறுப்பினராக நியமிக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. நியமனம்தான், தேர்தல் அல்ல. இருந்தாலும் சோறு துணியைத் தாண்டி நாற்காலி வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. ஊராட்சியில் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். எல்லா ஊரிலும் ஊர்த்தெருவிலிருந்தே ஆள் வந்தால், நம் தெருவில் தடி ஊன்றி நடக்கிற அக்காவின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரே பேசட்டும்.