பேனாக் கட்டையும் பித்தளைக் குழாயும்

(பட்டாபிராமில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



மரப்பேனா கடையும் தொழிலை நமது வட்டாரத்தில் உபதொழிலாகத் தொடங்கலாமா என்று சில ஊராட்சிகளிலிருந்து கேட்கிறார்கள். தொடங்கலாம் என்பதே நமது கருத்து. ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது கடைசல் இயந்திரத்தின் விலையைத்தான். பேனா நிலைத்து நிற்பதும், ஆறு மாதத்தில் பிளந்து போவதும் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்னரே தீர்மானமாகி விடுகின்றன. கட்டையைக் காயவைத்துத் துளையிட்டு, அதனுள் பித்தளைக் குழாயை ஒட்டி வைக்கிறார்களே, அந்த வேலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பேனாத் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினால், திருநின்றவூரும் வேப்பம்பட்டும் புட்லூரும் கடந்து திருவள்ளூர் வந்துவிடுகிறது. எபொனைட் தண்டைக் கையால் கடைந்து செய்யும் ரங்கா பேனாக்கள் அவ்வூரில் உருவாகி வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. இன்னும் பின்னே சென்றால் ஆந்திரத்து ராஜமகேந்திரவரத்தில் ரத்தினம் அவர்கள் செய்த பேனா நினைவுக்கு வருகிறது. அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாக அது காந்தியடிகளிடம் சேர்ந்தது. அதனை உபயோகித்துப் பார்த்த அண்ணல் 1935-ஆம் ஆண்டில் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்தக் குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

எபொனைட் என்பது ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய பொருள். அதில் மறையை நேரே வெட்டலாம், குழாய் வேண்டுவதில்லை. மரத்தின் தன்மை வேறு. மெல்லியதாகக் கடைந்த மரத்தில் மறை நிற்காது. ஈரம் பட்டால் உப்பும், வெயில் பட்டால் சுருங்கும். ஆகையால் மரப்பேனாவுக்குள் ஒரு பித்தளைக் குழாய் வைக்கிறார்கள். முனைப்பகுதி, நடு வளையம், திருகு, சொருகு முதலிய எல்லா உறுப்புகளும் அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரம் அதன் மேல் போர்த்திய சட்டை.

இங்கே விவசாயிகளுக்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். கட்டை வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். கோடையில் மரம் வற்றினால் பட்டை தளர்ந்து விடும். சக்கரத்தைக் குளத்தில் ஊறப் போட்டு இறுக்குவார்கள். அங்கே மரம் உள்ளே, உலோகம் வெளியே. பேனாவில் உலோகம் உள்ளே, மரம் வெளியே. மரம் வற்றிச் சுருங்கும்போது பித்தளை இடம் கொடுப்பதில்லை. எனவே மரம் நார் ஓட்டத்தில் நெடுக வெடிக்கிறது. விற்ற பேனா மூன்றாம் மாதம் வெடித்துத் திரும்பி வருமானால் அந்தக் குழுவிடம் மறுபடி யார் வாங்குவார்கள்? பச்சைக் கட்டையில் பேனா செய்யலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

எந்த மரம் உகந்தது என்று கேட்பீர்கள். ஈட்டி, சந்தனம், செஞ்சந்தனம் ஆகியவற்றை நாட வேண்டாம். அவற்றை வெட்டவும் கொண்டு செல்லவும் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. பூவரசு, வேம்பு, புளி ஆகியவை போதும். இவற்றுக்கெல்லாம் மேலாக நாம் சொல்வது, ஏரிகளில் நாம் வெட்டி எறியும் சீமைக் கருவேலம். 1877-இல் சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் நீர்நிலைகளுக்குப் பகையாயிற்று. ஆனால் கட்டை கெட்டியானது, காயும்போது சுருக்கமும் குறைவு. இதன் அமெரிக்க இனத்தைக் கடைசல்காரர்கள் அந்நாட்டில் தேடி வாங்குகிறார்கள். நாமோ கரியாக்கி விடுகிறோம்.

கட்டையை முக்கால் அங்குலச் சதுரமாக அறுத்து, இரு முனைகளிலும் உருக்கிய மெழுகு தடவி, காற்றாடும் நிழலில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது அவசரக்காரன் வேலை. காய்ந்ததா என்று அறியச் சிறு தராசு ஒன்றே போதும். வாரந்தோறும் சில துண்டுகளை நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகே துளையிடும் எந்திரத்தின் அருகே கொண்டு செல்லலாம்.

குழாயின் நீளத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கட்டையை நறுக்க வேண்டும். மெல்லிய பேனா வகைக்கு 7 மி.மீ. குழாய் வழக்கம், அதற்கு மேல் துண்டு, கீழ்த் துண்டு என இரண்டு கட்டைகள். நறுக்குமுன் அம்புக்குறி ஒன்று வரைந்து கொண்டால் மரத்தின் ரேகை இரண்டிலும் தொடர்ந்து வரும். துளையிடும்போது அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். தூள் அடைத்தால் சூடேறும், சூடேறினால் கட்டை உள்ளுக்குள் விரிசல் காணும். அது கடைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பளபளப்பான பித்தளையில் பசை பிடிக்காது. உப்புத்தாளால் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தூசியைத் துடைத்து, பிறகு விரல் படாமல் வைக்க வேண்டும். குழாய்க்குள் பசை புகாதிருக்க, சீவிய உருளைக்கிழங்கு வில்லையில் அதன் முனையை அழுத்தினால் அடைப்பு விழும். எந்தப் பசை? தச்சருடைய வஜ்ஜிரமும் வெள்ளைப் பசையும் மரத்தோடு மரம் சேர்ப்பதற்கு நல்லவை, பித்தளைக்கு உதவா. நொடியில் ஒட்டும் பெவிக்விக் போன்ற பசை ஈரக்காற்றுப் பட்டால் விரைந்து இறுகும் குணமுடையது. நமது கடலோரக் காற்றில் குழாய் பாதி நுழைந்தவுடனே நின்றுவிடும். கட்டையும் போயிற்று, குழாயும் போயிற்று. அரால்டைட் போன்ற இரு கலவைப் பசையே சிறந்தது. இரண்டையும் சம அளவில் எடுத்து, நன்றாகக் குழைத்து, துளையின் உட்சுவரிலும் குழாயின் மேலும் தடவி, குழாயைத் திருகித் திருகி உள்ளே செலுத்த வேண்டும். பசை படாத இடம் இருந்தால், உளி அவ்விடத்தில் பட்டதும் மரம் சில்லாகத் தெறிக்கும். மெதுவாக இறுகும் வகையானால் முழுதாக ஒரு நாள் அதனைத் தொடலாகாது.

மறுநாள் அடைப்பைக் குச்சியால் தள்ளிவிட்டு, முனைகளைச் சமன் செய்யும் வெட்டியால் மரத்தைச் செதுக்குங்கள். பித்தளை மின்னியதும் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் சீவினால் குழாய் குட்டையாகி எழுதுமுனை சரியான அளவில் வெளியே வராது. முனை குழாய்க்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் வளையத்தருகே இடைவெளி தெரியும். பேனாவைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது அதைத்தான்.

இதன்பின் கடைசல். ஆவடித் தொழிற்சாலைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960-களில் வந்ததிலிருந்து நமது பக்கத்தில் லேத் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை; அதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்வோம்: சுழலும் கட்டையின் அருகே முந்தானையும் கூந்தலும் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், மரத்தூளுக்கு மூக்குக் கவசமும் கண்ணாடியும் வேண்டும்.

சில ரூபாய்க்குக் கடையில் பேனா கிடைக்கும் காலத்தில் இந்தப் பேனா பள்ளிப் பிள்ளைக்கு விற்காது. பரிசுப் பொருளாகத்தான் விற்கும்; பரிசளிப்பவர் குறை பொறுப்பதில்லை. ஆகவே ஊராட்சிதோறும் இயந்திரம் வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. காயவைத்தல், நறுக்குதல், ஒட்டுதல் ஆகியவற்றைக் கிராமத்திலே ஒரு கூடத்தில் செய்து, கடைசலை இங்குள்ள பட்டறைகளில் கூலிக்குச் செய்விப்பதே முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமானது.

உறுப்பினர்கள் ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த முறை ஏரியில் சீமைக் கருவேலத்தை ஏலம் விடும்போது, மணிக்கட்டளவு பருமனுள்ள நேரான கிளைகளில் ஒரு பங்கை ஊராட்சிக்கென நிபந்தனையில் ஒதுக்கி வையுங்கள். முழ நீளத்தில் அறுத்து, முனையில் மெழுகு தடவி, வெட்டிய தேதியை எழுதி நிழலில் அடுக்குங்கள். அவை காய்ந்து எடை நின்ற பின் அலுவலகத்திற்குச் சொல்லியனுப்புங்கள். பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறோம்.