காமிராவுக்கு ஒரு காது



தூரத்தில் நிற்பவரை நாம் கண்ணால் கண்டுகொள்கிறோம். அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் அருகில் செல்கிறோம். இது சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆயினும், வீடியோ காமிராவைக் கையில் எடுத்தவுடன் நம்மில் பலர் இதனை மறந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு மறந்தவன்தான். அந்த மறதியால் நான் இழந்ததையும், இழந்தபின் கற்றதையும் இன்று தங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் அத்தை இருந்தார். வயது எண்பதைக் கடந்தவர். வயலில் நின்று நடவு நட்டவர். நடவுப் பாட்டும் தாலாட்டும் அவருக்கு மனப்பாடம். அவை எந்த ஏட்டிலும் ஏறாத பாட்டுக்கள். 2003-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், புதிதாக வாங்கிய கேம்கார்டருடன் அவரிடம் சென்றேன். கூடத்துத் தூணில் சாய்ந்து அவர் உட்கார்ந்தார். மூன்று மீட்டர் தள்ளி முக்காலியில் காமிராவை நிறுத்தினேன். அத்தை பதினொரு பாட்டுப் பாடினார். நான் உள்ளம் பூரித்து ஊர் திரும்பினேன்.

வீட்டில் நாடாவைப் போட்டுப் பார்த்தபோது என் பூரிப்பு அடங்கிற்று. படத்தில் குறையில்லை, அத்தையின் முகச் சுருக்கத்தைக்கூட எண்ணலாம். ஆனால் காதில் விழுந்தவை மின்விசிறியின் இரைச்சலும், தெருவில் போன பேருந்தின் ஊதலும், காமிராவுக்குள் நாடா சுழலும் முனகலுமே. அத்தையின் குரல் அவற்றுக்கு அடியில் எங்கோ கிடந்தது. இரண்டொரு சொல் புரிந்தது, பாட்டு புரியவில்லை.

இதற்குக் காரணம் என்ன? லென்ஸைத் திருகினால் தொலைவிலுள்ள முகம் அருகே வருகிறது, குரல் வருவதில்லை. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். 6 டெசிபல் குறைந்தது என்று பொறியியலார் கூறுவர். மூன்று மீட்டரில் இருந்த மைக்கை முப்பது சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அதே குரல் நூறு மடங்கு வலிமையுடன் வந்து சேரும். விசிறியின் இரைச்சலோ ஏறக்குறைய முன்போலவே இருக்கும். நல்ல ஒலிப்பதிவின் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒலியின் அளவைக் கருவியே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு பல காமிராக்களில் இருக்கிறது. பாட்டு நின்ற இடைவெளியில், ஒலி போதவில்லை என்று எண்ணி அது தன் செவியைக் கூர்மையாக்கிக்கொள்ளும். உடனே விசிறி சூறாவளியாக எழும். அடுத்த அடி தொடங்கியதும் சட்டென்று தாழும். இதை நிறுத்தி, அளவை நாமே வைக்க வசதி இருந்தால் அப்படியே செய்வது நலம். பாடுபவரை ஒருமுறை உரக்கப் பாடச் சொல்லி, ஒலிமானியில் உச்சம் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு வைத்தால் போதும்.

பந்திக்கு முந்து என்பார்கள். மைக்குக்கும் அதுவே விதி. பிந்தி நிற்பது காமிராவுக்கு உரியது. ஆகவே தனி மைக் ஒன்று வேண்டும். பேசுபவர் ஒருவரானால், உடையில் செருகும் சிறு மைக் போதும். மோவாய்க்கு ஒரு சாண் கீழே அதைச் செருகலாம். பெண்களானால் தாலிச் சங்கிலி மைக்கில் இடிக்கிறதா, புடைவைத் தலைப்பு உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக் குழல் போன்ற நீண்ட மைக் பக்கத்து ஓசைகளைக் குறைக்குமேயன்றித் தூரத்துக் குரலை இழுத்து வாராது. அதனையும் படத்தில் தெரியாத அளவுக்கு அருகில்தான் பிடிக்க வேண்டும். வெட்டவெளியில் காற்று மோதாதிருக்க, மைக்குக்குப் பஞ்சுறையோ மயிர்த்துணி உறையோ இடுவது அவசியம்.

காமிராவில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அதில் மைக்கைச் செருகலாம். அந்தக் கம்பி குறுகியதாக இருக்கட்டும். நீளமானால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அதில் ஏறிக்கொள்ளக்கூடும். நீண்ட தொலைவுக்கு மூன்று முனைச் செருகியுள்ள கம்பியே ஏற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. காதை மூடிக்கொண்டு ஒலியை எடுப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? அன்று நான் ஒரே நிமிடம் கேட்டிருந்தால், எழுந்து விசிறியை நிறுத்தியிருப்பேன்.

மறு ஆண்டு, 2004 சித்திரையில், சிறு மைக்குடன் மீண்டும் சென்றேன். அத்தை படுக்கையில் இருந்தார். விசிறியை நிறுத்தினேன், மைக்கைச் செருகினேன், ஹெட்போனை மாட்டினேன். அவர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. இரண்டு பாட்டுப் பாடினார். மற்றவை நினைவுக்கு வரவில்லை. நான் முதலடிகளை எடுத்துக் கொடுக்க முயன்றேன். எனக்குத் தெரிந்தால் அல்லவா கொடுப்பதற்கு? அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் போன வருஷமே உனக்குப் பாடிட்டேனே, தம்பி!" என்றார்.

அந்த வாக்கியமும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த சித்திரைக்கு அத்தை இல்லை.

இன்று கேம்கார்டரின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கருவி மாறினாலும் தொலைவின் கணக்கு மாறவில்லை. கைப்பேசிக்கும் செருகு மைக்குகள் கிடைக்கின்றன. அதுவும் இல்லையேல் இன்னொரு கைப்பேசியைப் பேசுபவரின் மடியருகே வைத்து ஒலியை மட்டும் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

தங்கள் இல்லத்திலும் பாட்டோ கதையோ அறிந்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் படம் எடுக்கும்போது காமிரா எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். மைக் மட்டும் அவர் அருகில் இருக்கட்டும்.