ஏட்டில் ஏறாத பாடம்



உலகிலேயே விலை மிகுந்த குண்டுவீச்சு விமானம் மழை ஈரத்தால் விழுந்தது என்றால் நம்புவீர்களா? பசிபிக் கடலில் அமெரிக்கா தன் கையில் வைத்திருக்கும் தீவு குவாம். 2008 பிப்ரவரி 23 அன்று அங்குள்ள ஆண்டர்சன் தளத்தில் கிளம்பிய பி-2, ஓடுபாதையை விட்டு எழுந்ததுமே மூக்கை வானுக்குத் தூக்கி, ஒருபக்கம் சாய்ந்து, பாதையோரத்தில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து பிழைத்தார்கள். எரிந்தது 140 கோடி டாலர்!

காற்றழுத்தம் அளக்கும் கருவிகள் அதில் 24. மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தோடேயே அளவைச் சரிசெய்து விட்டார்கள். ஈரம் காய்ந்ததும் கணக்குப் புரண்டது. விமானம் தலைகுனிந்து போகிறது என்று கணிப்பொறி தவறாக எண்ணி மூக்கைத் தூக்கிவிட்டது.

முதலில் கருவியைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். பிறகே அளவு பார்க்க வேண்டும். இது 2006-லேயே பராமரிப்பு வேலை செய்தவர்கள் சிலருக்குத் தெரியும்! ஆனால் வேலைக் கையேட்டில் ஏறவில்லை. மூத்த தொழிலாளி ஊருக்குப் போன வாரம் எந்திரம் மக்கர் செய்வதை நாம் பார்த்ததில்லையா?

மொத்தமே 21 விமானங்கள், 20 ஆயின. அந்த இருபதும் ஏப்ரல் வரை தரையில் முடங்கின. 2022 டிசம்பரில், மிசௌரி மாநிலத்து ஒயிட்மேன் தளத்தில் அவசரமாக இறங்கிய இன்னொன்று தீப்பற்றியது. மறுபடி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 2023 மே மாதம்தான் பறக்கவிட்டார்கள். தீப்பட்டதைச் செப்பனிடக் கட்டுப்படியாகாதென்று கழித்தும் விட்டார்கள். இப்போது 19.