டிரெய்லருக்குச் சங்கிலி அவசியமா?

(விவசாயிகள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் இன்று பேசப் போவதில்லை. டிராக்டருக்கும் அதன் பின்னால் செல்லும் டிரெய்லருக்கும் இடையே இருக்கும் ஒரு முழ இடத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அறுவடைக் காலம் நெருங்குகிறது. நெல் மூட்டைகளும் கரும்பும் இரவு பகலாகச் சாலையில் செல்லப் போகின்றன. அந்த ஒரு முழ இடத்தில் கொக்கியும் பின்னும் இருக்கின்றன; சங்கிலி பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டால், "பின் இருக்கும்போது சங்கிலி எதற்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே அதற்கு விடை கூறுவது என் கடமையாகிறது.

மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கடையாணி இல்லாத வண்டியில் நீங்கள் ஏறுவீர்களா? சக்கரம் அச்சில் இருப்பது கடையாணியின் தயவினால் என்பது உங்களுக்குத் தெரியும். டிராக்டரின் கொக்கியில் இறங்கும் பின்னுக்கும் அத்தகைய ஒரு கடையாணி உண்டு. பின்னின் அடிமுனையில் உள்ள துளையில் செருகப்படும் கிளிப்தான் அது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது பின் மேல்நோக்கித் துள்ளுகிறது. கிளிப் இருந்தால் அது நிற்கும். இல்லாவிட்டால் சிறிது சிறிதாக மேலேறிக் கழன்றுவிடும். நமது வண்டிகளில் கிளிப்புக்குப் பதிலாக நான் கண்டவை கட்டுக்கம்பி, ஆணி, சணல் கயிறு, ஓரிடத்தில் வேப்பங்குச்சி! பின்னுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய சாதாரண போல்ட்டைப் போட்டு ஓட்டுவோரும் உண்டு. அந்த போல்ட் வெட்டிழுப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. ஒரு நாள் முறிந்தே தீரும்.

கழன்றால் என்ன ஆகும்? பெட்டியும் பாரமும் சேர்ந்து 6 டன் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி நீளத்திற்கு 1 அடி இறங்கும் சரிவில் அந்த எடை 300 கிலோ பலத்துடன் கீழ்நோக்கி இழுக்கும். தார்ச்சாலையில் சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும். நமது டிரெய்லர்களில் பலவற்றிற்குத் தனி பிரேக் கிடையாது. இருக்கும் சிலவற்றிலும் அது வேலை செய்வது அரிது. ஆகவே, கழன்ற டிரெய்லரை நிறுத்த மரமோ, சுவரோ, மனிதரோதான் குறுக்கே வர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது வட்டாரத்திலேயே ஏரிக்கரை மேட்டில் ஏறிய டிரெய்லர் ஒன்று மூட்டைகளோடு கழன்று பின்னோக்கி ஓடிற்று. பின்னால் சைக்கிளில் வந்த பள்ளிச் சிறுவன் கரைச்சரிவில் குதித்ததனால் உயிர் பிழைத்தான். சைக்கிள் புளியமரத்திற்கும் டிரெய்லருக்கும் இடையில் தகடாகிவிட்டது. கொக்கியைப் பார்த்தோம், கிளிப்பின் இடத்தில் அறுந்த கட்டுக்கம்பி தொங்கியது. உரிமையாளர், "இருபது வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இருபது வருஷமும் அந்தச் சாலையில் அந்த நேரத்தில் யாரும் பின்னால் வரவில்லை, அவ்வளவே.

இங்கே இளைஞர் ஒருவர் சற்று முன் என்னிடம் கேட்டார்: "தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றி வரும் பெரிய லாரிகளுக்குச் சங்கிலி இல்லையே, நமக்கு மட்டும் எதற்கு?" கூர்ந்து பார்த்திருக்கிறார். அந்த லாரிகளின் இணைப்பே வேறு. அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்திலிருந்து வந்த பெயர் அது. லாரியின் பின் அச்சுகளின் மேற்பக்கம் அகன்ற இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் அத்தட்டின்மேல் அமர்ந்து அழுத்தும். டிரெய்லரின் அடியிலிருந்து இறங்கும் தடித்த முளையைத் தட்டிலுள்ள இரும்புத் தாடைகள் கவ்விப் பூட்டிக்கொள்ளும். மேலும், அந்த டிரெய்லர்களுக்குக் காற்று பிரேக் உண்டு. லாரியிலிருந்து வரும் காற்றுக்குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இக்காரணங்களால்தான் அமெரிக்க நாட்டின் மத்திய அரசு விதிகள், சரக்கு வண்டிகளில், இழுவைத்தண்டினால் இழுக்கப்படும் முழு டிரெய்லருக்குச் சங்கிலி போன்ற காப்பு வேண்டும் என்கின்றன. பூட்டுள்ள ஐந்தாம் சக்கர இணைப்புக்கு அதைக் கேட்பதில்லை. நமது டிராக்டர் டிரெய்லரில் அகன்ற தட்டும் இல்லை, தாடையும் இல்லை, தானாகப் பிடிக்கும் பிரேக்கும் இல்லை. ஒற்றைப் பின்னை நம்பி ஓடுகிறது. அவர்களுக்கு வேண்டாதது நமக்கு வேண்டும்.

இனி, எத்தகைய சங்கிலி? மாடு கட்டும் சங்கிலியும் ஊஞ்சல் சங்கிலியும் உதவா. இரண்டு சங்கிலிகளும் சேர்ந்து, பாரத்தோடு கூடிய டிரெய்லரின் மொத்த எடைக்குக் குறையாத பலம் உடையவையாக இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண இரும்புச் சங்கிலி சுமார் 3 டன் இழுப்பில் அறும். அதே தடிப்பில் 80 என்ற தரமுள்ள கலப்பு எஃகுச் சங்கிலி சுமார் 8 டன் வரை தாங்கும். அதன் கண்ணிகளில் 8 அல்லது 80 என்ற எண் பதிந்திருக்கும். 6 டன் டிரெய்லருக்குச் சாதாரணச் சங்கிலி இரண்டு போட்டால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் தேய்ந்த கண்ணியும் திடீர் வெட்டிழுப்பும் அந்தக் கணக்குக்குள் வாரா. ஆகையால் எஃகுச் சங்கிலியே வாங்குங்கள். அறுந்த கண்ணியைப் பட்டறையில் வெல்டிங் வைத்து மீண்டும் உபயோகிக்க வேண்டாம்.

பூட்டும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். சங்கிலியின் முனையை அதே பின்னில் மாட்டினால் பின்னோடு சங்கிலியும் போய்விடும். டிராக்டரின் உறுதியான சட்டத்தில் தனியாகப் பூட்ட வேண்டும். கலப்பை தூக்கும் கைகளிலும் மேல் இணைப்பிலும் ஒருபோதும் மாட்டலாகாது. பின் அச்சுக்கு மேலிருந்து பாரம் இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர்மீதே கவிழும். இரண்டு சங்கிலிகளையும் இழுவைத்தண்டின் அடியில் குறுக்காகப் போடுங்கள். அப்போது பின் கழன்றாலும் தண்டு தொட்டிலில் விழுவதுபோல் சங்கிலியின்மேல் விழும். தரையில் குத்தி டிரெய்லரைக் குடைசாய்க்காது. திரும்புவதற்கு வேண்டிய தளர்வு இருக்கட்டும். சாலையில் உரசும் அளவு தளர்வு வேண்டாம்.

"வாய்க்காலில் டிரெய்லர் சாய்ந்தால் சங்கிலி டிராக்டரையும் இழுத்துக்கொண்டு போகாதா?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த நிலையில் பின்னே டிராக்டரை இழுத்துவிடும். சங்கிலியினால் புதிய அபாயம் ஏதும் இல்லை. கரை ஓரத்தில் மெதுவாகச் செல்வதே அதற்கு மருந்து.

பின் கழன்று சங்கிலியில் டிரெய்லர் தொங்கும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் வந்து டிராக்டரின் முதுகில் மோதும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, படிப்படியாக நிறுத்த வேண்டும். சாலையில் செல்லும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்டியிருக்க வேண்டும் என்பதையும், இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது என்பதையும் ஓட்டுநர்களுக்குச் சொல்லுங்கள். சங்கிலி போட்டாயிற்று என்பதற்காகத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லவும் கூடாது. டிரெய்லர் சரக்குக்கே உரியது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். குப்பை அள்ள ஊராட்சியே டிராக்டர் வைத்திருக்கும் ஊர்களில் முதல் சங்கிலி அந்த வண்டிக்கே பூட்டப்படட்டும். அதன் பிறகு மற்றவர்களிடம் சொல்வது எளிது. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களின் கிராம சபைக் கூட்டங்களில் இதைப் பேசினால், தை அறுவடைக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.

வெளியே ஆலமரத்தடியில் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் நிற்கின்றன. மெக்கானிக் ஒருவர் சங்கிலி பூட்டும் முறையைச் செய்து காட்டுவார். உங்கள் வண்டியின் பின்னையும் கிளிப்பையும் கொண்டு வந்திருப்பவர்கள் அவரிடம் காட்டித் தேய்மானத்தைத் தெரிந்துகொள்ளலாம்.